தலைச்சன் பிள்ளைக்குக் காத்திருக்கும் நண்பர்களைப் படமெடுப்பது

கல்லூரிக் காலத்திலிருந்து பழகும் தோழியும் அவருடைய கணவரும் முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்றும், இந்த மார்ச் இறுதியில் 26 வாரம் நிறைகிறது என்றும், வெளியாரை அழைக்க மனமில்லாமல் உங்களையே படமெடுத்துத் தரச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. வேளச்சேரியில் அவர்கள் குடியிருக்கும் இரண்டு அறை வீடு படத்துக்கு எடுப்பாக இருக்காது என்பதால் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்கிறீர்கள். திருமணங்களையும் வளைகாப்புகளையும் படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். அதைத் தவிர, நெருங்கிய நண்பர்களுக்காக மூன்று முறை இதே பொறுப்பை ஏற்றிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு சொல்வதானால், நீங்கள் ஒதுக்க நினைக்கும் அந்த இரண்டு அறை வீடுதான் சரியான இடம்.

கூலிக்கு வரும் படக்காரருக்கு அவர்கள் வாழ்க்கையில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். ஆகவே அவர் ஓர் அழகான இடத்தையும் இரண்டு மூன்று உடைகளையும் தெரிந்த பத்து நிலைகளையும் நம்பித்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. உங்களுக்கோ மூன்று மாதத்துக்கு மேல் கிடைத்திருக்கிறது. கதவைத் தட்டாமல் உள்ளே போகும் உரிமையும் இருக்கிறது. எனவே ஒரே நாளில் எடுத்து முடித்துவிடும் எண்ணத்தை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல், நான்கைந்து முறை சென்று எடுங்கள். முதல் முறை எடுப்பவை பெரும்பாலும் பயன்படமாட்டா. கேமராவைப் பார்த்ததும் இருவரும் விறைத்துக்கொள்வார்கள். மூன்றாம் முறை நீங்கள் கேமராவுடன் வந்திருப்பதையே மறந்துவிடுவார்கள்.

காலத்தைப் பற்றி. வயிற்றின் வடிவம் தெளிவாகத் தெரியத் தொடங்குவதும், தாய்க்கு நடக்கவும் உட்காரவும் இன்னும் அவ்வளவாகச் சிரமம் இல்லாததும் பொதுவாக 28-ஆம் வாரம் முதல் 34-ஆம் வாரம் வரையிலான காலம். இரட்டைக் குழந்தைகள் என்றால் சில வாரங்கள் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். உங்கள் தோழியின் கணக்குப்படி அது ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதி வரை வருகிறது; அதாவது அக்கினி நட்சத்திரமும் அதற்குள்தான் அடங்குகிறது. கடற்கரை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே. மே மாதத்தில் சென்னையில் காலை 5.45 மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. ஏழு மணிக்குள் வெளிச்சம் கடுமையாகிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பிடிக்க வேண்டுமானால் வாயும் வயிறுமாக இருக்கும் பெண் நான்கு மணிக்கே எழுந்து தலைவாரிப் புடவை கட்டியிருக்க வேண்டும். மாலையில் போகலாம் என்றால், நம் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை, ஊருக்குப் பின்னால் கட்டடங்களுக்கு இடையே மறைகிறது. மேற்குக் கரையில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அதே பொன்னிறத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். போதாததற்கு, மாலையில் பல கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்கியிருக்கும்.

இதை நான் என் தவறிலிருந்து கற்றேன். முதல் முறை நண்பர்களுக்காக எடுத்தபோது, பட்டுப் புடவையில் எட்டாம் மாதத்தில் இருந்தவரை மணலில் அரை மணி நேரம் நிற்கவைத்தேன். நான் லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தபோது அவருக்குக் கண் இருண்டு, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்து நிழலுக்குக் கொண்டுசென்றதும் தெளிந்தது. ஆனால் அந்தச் சில நிமிடங்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அன்று எடுத்த எந்தப் படத்தையும் அவர்கள் சட்டமிட்டு மாட்டவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குச் சும்மா போயிருந்தபோது, சமையலறைத் திண்டில் சாய்ந்துகொண்டு அவர் ஊறுகாய் ஜாடிக்குள் விரலை விட்டிருக்க, பக்கத்தில் கணவர் தோசை திருப்பிக்கொண்டிருந்த படம்தான் இன்று அவர்கள் கூடத்தில் இருக்கிறது.

அதனால் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். படமெடுக்கத் தொடங்கும் முன் ஒரு நாள் சும்மா போய், கேமராவைத் தொடாமல், காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எந்தச் சன்னல் வழியாக எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதை மட்டும் பார்த்து வாருங்கள். இந்தப் படங்களுக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருவது இன்றியமையாதது. கேமராவின் மேலிருக்கும் ஃபிளாஷ் நேர் எதிரே அடிக்கும்போது நிழலே விழுவதில்லை. நிழல் இல்லாவிட்டால் வயிற்றின் திரட்சி தட்டையாகிப் புடவையோடு ஒட்டிப்போகிறது. சன்னலுக்கு ஓரடி ஈரடி தள்ளி, சன்னலுக்கு இணையாக அவரை நிற்கவைத்தால் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாக வளைவு தானாகவே எழுந்து வரும். நேர் வெயில் உள்ளே விழுந்தால் ஒரு வெள்ளை வேட்டியைச் சன்னலில் கட்டிவிடுங்கள். நிழல் அதிகம் கறுத்தால் மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். சினிமாப் படப்பிடிப்பில் காலங்காலமாகச் செய்வதும் அதுதான். அறையின் குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சமும் குழல்விளக்கும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறத்திலும் மறுபாதி வேறு நிறத்திலும் விழும். பால்கனிக் கம்பியின் நிழல் வயிற்றின் மேல் கோடு கோடாக விழும் நேரம் ஒன்று அந்த வீட்டில் நிச்சயம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் கடற்கரை நினைவே உங்களுக்கு வராது.

உங்கள் 50 மி.மீ. லென்ஸ் போதும். ஆனால் ஒளி நுழையும் அதன் துளையை முழுவதும் திறந்துவைத்து எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். முழு அளவுச் சென்சார் கொண்ட கேமராவில் இரண்டு மீட்டர் தொலைவில் நின்று எஃப் 1.8-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 17 செ.மீ. மட்டுமே. மனைவி முன்னும் கணவர் பின்னுமாக நின்றால் ஒருவர் கண்ணில் தெளிவு இருக்கும்போது இன்னொருவர் மங்கிவிடுவார். எஃப் 4-க்கு வந்தால் அந்த ஆழம் இரு மடங்குக்கும் மேலாகி 38 செ.மீ. அளவுக்கு வருகிறது, இருவரையும் சேர்த்து எடுக்க அதுதான் ஏற்றது. அவருடைய விரல்களை மட்டும், மோதிரத்தை மட்டும் எடுக்கும்போது 1.8-ஐத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இளநிறச் சுவரின் முன்னால் மாநிறமோ கருநிறமோ உள்ளவரை எடுக்கும்போது, கேமரா சுவரைக் கணக்கில் கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். முகத்தின் தோலை அளவாக வைத்து வெளிச்சத்தைக் கூட்டி எடுங்கள். சுவர் வெளுத்துப்போவதால் குற்றமில்லை. பின்னணியைத் தானாக மங்கவைக்கும் கைப்பேசியின் 'போர்ட்ரெய்ட்' முறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சடைப்பூவின் ஓரத்தையும் வளையல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் அது தவறாகக் கணித்து மழுங்கடித்துவிடுகிறது.

உடலைப் பற்றிச் சில செய்திகளை நீங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த மாதங்களில் அவரை மல்லாந்து படுக்கவைத்து மேலிருந்து எடுக்காதீர்கள். மல்லாந்து படுக்கும்போது, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையைக் கருப்பையின் எடை அழுத்துவதால் தலைசுற்றலும் குமட்டலும் வரக்கூடும். படுத்த நிலையில் எடுக்க விரும்பினால், இடப்பக்கம் ஒருக்களித்து, வயிற்றுக்கடியிலும் முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை வைத்து எடுங்கள். பார்ப்பதற்கும் அதுதான் இயல்பாக இருக்கிறது. உடலின் எடைமையம் முன்னால் நகர்ந்திருப்பதால் நாற்காலி மேலோ படிக்கட்டின் விளிம்பிலோ ஒற்றைக்காலிலோ நிற்கவைப்பது கூடாது. நிற்கும்போது எடையைப் பின்காலில் போட்டு, கேமராவுக்கு முக்கால் பக்கம் திரும்பி, கையை இடுப்போடு ஒட்டவிடாமல் சிறிது விலக்கினால் உருவம் தெளிவாகப் பிரிந்து தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்காரச் சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், ஏனெனில் நண்பருக்காகச் சகித்துக்கொண்டு நிற்பவர்கள் தாமாகக் கேட்பதில்லை. ஃபிளாஷ் வெளிச்சம் குழந்தையைப் பாதிக்குமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், அது கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம்தான், தீங்கு ஒன்றுமில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

கணவரை மறக்கிறவர்கள் மிகப் பலர். மனைவியின் பின்னால் நின்று வயிற்றின் மேல் கைவைத்துக்கொள்ளும் ஒரே நிலையோடு அவர் பங்கு முடிந்துவிடுகிறது. ஆனால் தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீட்டில் அவர் செய்யும் வேலைகளைக் கவனித்துப் பாருங்கள். குனிய முடியாதவருக்குக் கால் நகம் வெட்டிவிடுகிறார். செருப்பு வாரை மாட்டிவிடுகிறார். மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லும் பையில் பழைய புடவைத் துணிகளை மடித்து வைக்கிறார். இரவில் அவருக்குத் தூக்கம் வராதபோது தாமும் விழித்துக்கொண்டிருக்கிறார். 'சிரியுங்கள்', 'இப்படிப் பாருங்கள்' என்றெல்லாம் சொல்வதற்குப் பதிலாக, இந்த வேலைகளில் ஒன்றைச் செய்யும்போது அருகில் இருங்கள். கையை எங்கே வைப்பது என்ற குழப்பமே எழாது, ஏனெனில் கைக்கு அப்போது வேலை இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு பல ஆண்டுகளுக்கு அந்த வீட்டில் இருவர் மட்டும் தனித்திருக்கும் பொழுது வாய்ப்பதில்லை; நீங்கள் எடுத்துவைக்க வேண்டியது இந்தக் கடைசி வாரங்களைத்தான்.

வளைகாப்பு ஒன்பதாம் மாதத்தில் மதுரையில் நடக்கப்போவதாகவும், அதற்கு வேறொரு படக்காரரை ஏற்பாடு செய்திருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் அவருக்குக் குறுக்கே நிற்காதீர்கள். நலங்கு வைப்பது, வளையல் பூட்டுவது, ஆரத்தி எடுப்பது ஆகியவற்றின் நேர்முகப் படங்கள் அவருடையவை. நீங்கள் மணைக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டு கைகளை மட்டும் கவனியுங்கள். சுருக்கம் விழுந்த பாட்டியின் கை, வீங்கிய இளங்கையின் முட்டிகளை அமுக்கிக் கண்ணாடி வளையலை மெல்லத் தள்ளும் அந்த நொடிக்கு ஈடான படம் அந்த நிகழ்ச்சியில் வேறில்லை என்பது என் கருத்து. இதை ஒட்டி உங்கள் தோழியின் தாயாரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: கர்ப்ப காலத்தில் கை வீங்கும் என்பதால், வழக்கமாக 2.6 அளவு அணிபவருக்கு 2.8 அளவு வளையல்களையும் வாங்கிவைப்பது நல்லது. சிறிய வளையல் கையில் உடைந்துவிட்டால் சபையில் இருக்கும் மூத்தவர்கள் மனம் கலங்குவார்கள். அந்தக் கலக்கம் அதன் பிறகு எடுக்கும் எல்லாப் படங்களிலும் தெரியும்.

மண்டபத்தில் அல்லது வாசல் பந்தலில் எடுக்கும்போது நிறங்கள் உங்களைச் சோதிக்கும். நீலத் துணியோ பச்சைத் துணியோ போட்ட பந்தலின் கீழ் எல்லோர் முகத்திலும் அந்த நிறம் படியும். பின்னால் கணினியில் திருத்துவது மிகக் கடினம். பந்தலின் ஓரம், வெளிவெளிச்சம் பக்கவாட்டில் நுழையும் இடத்தில் மணையைப் போடச் சொல்ல முடிந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கன்னத்தில் பூசிய சந்தனமும் கையில் பூசிய மஞ்சளும் கேமராவின் தானியங்கி நிறக்கணிப்பைக் குழப்பும் என்பதால், அதை நிறுத்திவிட்டு ஒரே அளவில் நிலைப்படுத்தி, பின்னால் நிறத்தைத் திருத்த இடம் தரும் 'ரா' கோப்பாகவே எடுங்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே பழைய வகைக் குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. அங்கே ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 நொடிக்கும் குறைத்தால் படத்தில் பட்டைகள் விழலாம். வளையல் பூட்டும் கை மெதுவாகத்தான் நகரும், 1/100 போதும்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணியைப் படமெடுப்பது நேற்று வந்த வழக்கமன்று என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஊர் ஸ்டூடியோக்களில் பூத்தைத்த சடையுடன் பெண்ணைக் கண்ணாடி முன் நிற்கவைத்து, முகம் ஒரு பக்கமும் சடை கண்ணாடியிலுமாகத் தெரிய எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. பூப்பு நீராட்டின்போதும் வளைகாப்பின்போதும் அப்படி எடுப்பார்கள். உங்கள் தோழியின் தாயாரிடமோ மாமியாரிடமோ அப்படி ஒரு படம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதே அமைப்பில் தோழியையும் ஒரு படம் எடுங்கள். பீரோக் கண்ணாடி போதும். நீங்கள் கண்ணாடியில் விழாதபடி சற்றுச் சாய்வாக நின்றுகொண்டு, முகத்துக்கும் பிம்பத்துக்கும் சேர்த்துத் தெளிவு கிடைக்க எஃப் 8 அளவுக்குத் துளையைக் குறுக்கினால் சரியாக வரும். வெளிநாட்டுப் பாணியில் நீண்ட கவுன் அணிந்து எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் விருப்பம்; ஆனால் இரண்டு தலைமுறைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மகிழ்ச்சியை அதனால் தர முடியாது.

சில பொருட்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஸ்கேன் படத்தைக் கையில் பிடித்து எடுக்க விரும்புவார்கள். அதன் மேற்புறத்தில் தாயின் பெயரும் வயதும் மருத்துவமனை எண்ணும் அச்சாகியிருக்கும், அந்தப் பகுதியை விரலால் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பா நீலமா என்று குழந்தையின் பாலினத்தை வெளிப்படுத்தும் விழாப் படங்கள் வேறு நாடுகளிலிருந்து இங்கே பரவியிருக்கின்றன. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து தெரிவிப்பதை நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பெண் சிசுக்கள் கருவிலேயே அழிக்கப்பட்ட கொடுமையால் வந்த சட்டம் அது. எவ்வளவு நெருங்கிய நண்பர் கேட்டாலும் அப்படிப்பட்ட படத்தை எடுக்க மறுத்துவிடுங்கள்.

கண்ணேறு பற்றி வீட்டில் பேச்சு வரும். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் படமெடுத்தால் ஆகாது என்று நினைக்கும் பாட்டி அந்தக் குடும்பத்தில் இருக்கக்கூடும். அவரோடு வாதிடாதீர்கள், கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டு எடுக்கிறோம், குழந்தை பிறக்கும் வரை யாருக்கும் காட்டமாட்டோம் என்று உறுதி கொடுங்கள், கொடுத்த உறுதியைக் காப்பாற்றுங்கள். உண்மையில் இந்த உறுதி எல்லா வீட்டுக்கும் தேவையானது. என் நண்பர் ஒருவரின் குழந்தை 33-ஆம் வாரத்தில் வயிற்றிலேயே தவறிவிட்டது. அதற்கு மூன்று வாரம் முன்பு நான் எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. நல்லவேளையாக அவற்றில் ஒன்றைக்கூட எவருக்கும் அனுப்பியிருக்கவில்லை. அழிக்கவும் இல்லை, அவற்றைப் பற்றி அவர்களிடம் பேசவும் இல்லை. இரண்டு இடங்களில் பத்திரமாக வைத்திருந்தேன். ஓராண்டுக்கும் மேலான பிறகு அந்தத் தாயே கேட்டார். அந்தக் குழந்தை தம்மோடு இருந்த நாட்களுக்கு அவர்களிடம் இருப்பவை அந்தப் பதினேழு படங்கள் மட்டுமே. ஆகவே கேட்காமல் எங்கும் பதிவிடாதீர்கள்; கேட்கும் வரை எதையும் அழிக்காதீர்கள்.

திருத்தும்போது கை அளவோடு இருக்கட்டும். வயிற்றில் தொப்புளுக்கு மேலும் கீழும் ஓடும் கருங்கோடும், தோல் விரிந்த தடங்களும், கழுத்தில் படரும் கருமையும் அந்த மாதங்களுக்கே உரியவை. அவற்றை நீங்களாக அழிக்கவும் வேண்டாம், அழிக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். அது அவருடைய உடல் என்பதால் தோழியிடமே கேளுங்கள், கணவரிடம் கேட்காதீர்கள். தோலின் நிறத்தை வெளுப்பாக்குவதை மட்டும், அவரே கேட்டாலும், ஒரு முறை அன்போடு மறுத்துப் பாருங்கள்.

நூற்றுக்கணக்கில் கொடுத்தால் யாரும் பார்ப்பதில்லை. முப்பது படங்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் பத்தை 6-க்கு 8 அங்குல அளவில் நல்ல தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் தேதியையும் அப்போது எத்தனையாவது வாரம் என்பதையும் உங்கள் கையாலேயே எழுதிவையுங்கள். குழந்தை பிறந்த முதல் சில வாரங்களில் அவர்களுக்கு உறங்கவே நேரம் இருக்காது. மூன்றாம் மாதம் தோழி தாய்வீட்டிலிருந்து வேளச்சேரிக்குத் திரும்பிய பிறகு, இருவரும் சேர்ந்து இருக்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றும் கேமராவை எடுத்துச் செல்லுங்கள். அதே சன்னல் பக்கத்தில், அதே நேரத்தில், மூவராக அவர்களை எடுக்க வேண்டியிருக்கும்.